16 வயதுப் பையனைக் கதையில் எழுதுவது எப்படி?

அப்பா இறந்த பிறகு பள்ளிக்கூடம் போக மறுக்கும் ஒரு பிளஸ் ஒன் பையனைப் பற்றி மூன்று வருடமாக எழுதி எழுதிக் கிழித்தேன். போன மாதம்தான் கதை பிடிபட்டது. கருவும் களமும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு நேரே செய்முறைக்குப் போகிறேன்.

படி 1: வயதைச் சரியாகச் சொல்லுங்கள்

'பதின்பருவம்' என்று பொதுவாக வைத்தால் ஆள் உருவாக மாட்டான். 13 வயதில் குரல் உடையும் கூச்சம் இருக்கும். 17 வயதில் அடுத்து என்ன படிக்கப்போகிறாய் என்று ஊரே கேட்கும். வயது, வகுப்பு, எந்த குரூப் என்று எழுதிவைத்துவிட்டு நகருங்கள்.

படி 2: கையில் ஒரு பொருள் கொடுங்கள்

இதை நான் கற்றது 1951-இல் வந்த ஜே.டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் த ரை' நாவலில். நாயகன் ஹோல்டனுக்கு 13 வயதாக இருக்கும்போது தம்பி ஆலி ரத்தப் புற்றுநோயில் இறந்துபோகிறான். தம்பியின் பேஸ்பால் கையுறை முழுக்கப் பச்சை மையில் கவிதைகள், மைதானத்தில் சும்மா நிற்கும்போது வாசிக்க அவனே எழுதியவை. அவன் இறந்த இரவு ஹோல்டன் கார் ஷெட்டின் ஜன்னல் கண்ணாடிகளைக் கையாலேயே குத்தி உடைக்கிறான். மழை பெய்தால் அந்தக் கை இன்னும் அவ்வப்போது வலிக்கும் என்கிறான். துக்கத்தை அந்தக் கையுறையும் கையுமே சொல்லிவிடுகின்றன. என் பையனுக்கு அப்பாவின் கட்டம் போட்ட சட்டையைக் கொடுத்தேன்.

படி 3: மனதில் இருப்பதை வாயில் வைக்காதீர்கள்

நான் மூன்று வருடம் மாட்டிக்கொண்டது இங்கேதான். பழைய பிரதியில் பையன் இப்படிப் பேசுவான்: "அப்பா இல்லாம எல்லாமே வெறுமையா இருக்கும்மா. என்னை யாருமே புரிஞ்சுக்கல." அக்கா மகனிடம் படிக்கக் கொடுத்தேன். "மாமா, இப்படி யாரும் பேச மாட்டாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அவனுக்கும் 16 வயதுதான். அன்று முழுக்க அவன் பேச்சைக் கவனித்தேன். அதிகமும் "ஒண்ணுமில்ல", "தெரியல", "விடுங்க".

அப்புறம் கண்டுபிடித்த வழி இது. நோட்டின் இடது பக்கத்தில் பையன் மனதில் ஓடுவதை எழுதுங்கள். வலது பக்கத்தில் அதே நொடியில் அவன் வாயிலிருந்து வருவதை எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வலது பக்கத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

இடது: அப்பா சட்டையை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள்.
வலது: "சாம்பார்ல உப்பே இல்ல."

தட்டைத் தள்ளிவிட்டு எழுகிறான். அம்மா பதில் பேசாமல் உப்பு ஜாடியை எடுத்து வைக்கிறாள். அவளாலும் சொல்ல முடியவில்லை என்பது எனக்கே அப்போதுதான் புரிந்தது. கதைக்குள் போவது வலது பக்கம் மட்டும்.

இந்தப் பயிற்சிக்குப் போன் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும், அதற்கு லாங் சைஸ் நோட்டுதான் சரி. கடைசிப் பிரதியை மட்டும் கணினியில் அடியுங்கள். எனக்குத் தமிழ்99 விசைப்பலகைதான் பிடிக்கும், விரல் யோசனையை இழுத்துப் பிடிக்காது.

படி 4: பெரியவர்களை வில்லன் ஆக்காதீர்கள்

அவர்களுக்கும் ஒரு இடது பக்கம் எழுதிப் பாருங்கள், போதும்.

பின்சேர்க்கை: நாயகி பெண்ணாக இருந்தால் என்று ஒருவர் கேட்டிருந்தார். வழி அதேதான். ஆனால் கோபத்தில் கதவை அறைந்து சாத்த நம் வீடுகள் பலவற்றில் அவளுக்கென்று அறையே கிடையாது. சின்ன இடங்களில் தேடுங்கள்: ஜடையை இறுக்கிப் பின்னுவது, தங்கையின் பென்சிலை ஒடிப்பது.

இன்னொருவர், முறையைப் பின்பற்றி எழுதியும் தன் பையன் வெறும் திமிர் பிடித்தவனாகவே தெரிகிறான் என்றார். அவர் கதையை வாங்கிப் படித்தேன். கோபம் முதலில் வந்து, காரணம் நான்கு பக்கம் தள்ளி வந்திருந்தது. சட்டை போகும் காட்சியை முன்னால் வையுங்கள். வாசகருக்குத் தெரிந்த பிறகு சாம்பாரில் உப்பு குறையட்டும்.