மக பாரம் ஒன் போறாளா? தமிழ் வகுப்பைக் கேட்டு வாங்குங்க

தமிழ்ப்பள்ளியில ஆறு வருஷம் படிச்ச பிள்ளை இங்க மலேசியாவுல இடைநிலைப்பள்ளிக்கு, அதாவது பாரம் ஒன்னுக்கு (ஏழாம் வகுப்பு) போனா எல்லாமே மலாய்தான், தமிழ் ஒரே ஒரு பாடம், அதுவும் பல பள்ளியில நாம கேட்டாதான் நடக்கும். ஆபீஸ்ல "டீச்சர் இல்ல"ன்னு ஒரு வார்த்தை சொன்னதும் திரும்பி வந்துடறோம். மூத்தவளுக்கு நானும் அப்படித்தான் வந்தேன், இன்னிக்கும் வயிறு எரியுது.

1996 கல்விச் சட்டத்துல, 2-ஆம் பிரிவுலயே இருக்கு: பள்ளியில குறைஞ்சது 15 மாணவர்களோட பெத்தவங்க கேட்டா தமிழ் சொல்லித்தர வசதி பண்ணித் தரணும். 15 பேரு முழு பள்ளிக்கும் சேர்த்து, ஒரு வகுப்புக்கு இல்ல. "பாரம் ஒன்ல ஒம்பது பேருதானே"ன்னு சொன்னா பாரம் டூ, த்ரீ பிள்ளைங்களையும் எண்ணுங்க, மலாய்ப்பள்ளியில இருந்து வந்த நம்ம பிள்ளைங்களையும் விட்டுடாதீங்க.

கையெழுத்து வாங்க வீடு வீடா அலைய வேணாம். சின்னவளுக்கு நான் பள்ளி கேட் வாசல்ல, வேன் வர்ற நேரத்துல, ஒரு ஃபுல்ஸ்கேப் பேப்பர்ல கோடு போட்டு நின்னேன், பிள்ளை பேரு, வகுப்பு, பெத்தவங்க பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், கையெழுத்து, மூணே நாள்ல பத்தொம்பது வந்துச்சு. நாலு கூடுதலா இருக்கறது நல்லது, யாராச்சும் கடைசியில பின்வாங்குவாங்க. கடிதம் மலாய்ல எழுதி, சட்டத்தோட பேரும் வருஷமும் போட்டு, பள்ளி முதல்வர் பேருக்குக் குடுங்க, கைல இருக்கற காப்பியில ஆபீஸ் சாப் (முத்திரை) குத்தித் தேதி போட்டு வாங்காம வெளிய வராதீங்க. இன்னொரு காப்பி மாவட்டக் கல்வி இலாகாவுக்கு. டைம்டேபிள் முடிவாகறதுக்கு முன்னாடியே குடுத்துடணும், அப்புறம் போனா "அடுத்த வருஷம் பாக்கலாம்"தான்.

பொம்பளப் பிள்ளைங்களுக்கு மாட்டறது வேற இடத்துல. தமிழ் வகுப்பை மத்தியானம் பள்ளி முடிஞ்ச பிறகு வெச்சுடுவாங்க, வேன் ஒரு மணிக்கே போயிடும், "யாரு போய் கூட்டிட்டு வர்றது"ன்னு அப்பா ஒரு கேள்வி கேட்டாருன்னா அதோட தமிழ் முடிஞ்சுது. அதனால கடிதத்துலயே கோகோ (விளையாட்டு, கழகம் மாதிரி புறப்பாடம்) நாள்ல வகுப்பு வைக்கச் சொல்லிக் கேளுங்க, அன்னிக்கு எல்லாரும் எப்படியும் இருப்பாங்க, வேனும் லேட்டாதான் வரும். எங்களுக்கு அது கிடைச்சுது.

பாரம் ஃபோர்ல இன்னொரு ஆபத்து. சயன்ஸ் எடுத்த பிள்ளைகிட்ட "தமிழ விட்டுடு, ஏ கிரேடு எண்ணிக்கை குறையும்"னு சொல்லுவாங்க. 2009-ல எஸ்பிஎம்முக்கு (பாரம் ஃபைவ் முடிவுல எழுதற அரசாங்கப் பரிட்சை) பத்துப் பாடம்தான்னு அரசாங்கம் சொன்னப்போ நம்ம ஆளுங்க போட்ட சத்தத்துலதான் மேல ரெண்டு எடுக்கலாம்னு ஆச்சு, அதையும் நாமே விட்டுட்டா எப்படி? தமிழ்ப்பள்ளி டீச்சராகணும்னு ஆசைப்படற பிள்ளைக்கு ஐபிஜியில (ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி) எஸ்பிஎம் தமிழ் கேப்பாங்க, பதினாறு வயசுல விட்டுட்டு பதினெட்டுல அழுது பிரயோஜனம் இல்ல.

வகுப்பே கிடைக்கலன்னாலும் வெளிய டியூஷன் படிச்சு பரிட்சை எழுதலாம், பாடம் பேரைப் பதிவு பண்ணச் சொல்லி முன்கூட்டியே கேளுங்க. பாரம் ஃபைவ்ல பதிவுத் தாள் கையெழுத்துக்கு வீட்டுக்கு வரும். அதுல பஹாசா தமிழ்னு இருக்கான்னு விரல் வெச்சுப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.