ஈஸ்டர்ன் ஃபிரன்ட் (1941): பழைய போர் விளையாட்டை இன்றைய கணினியில் ஆடுவது எப்படி?

கிறிஸ் கிராஃபோர்ட் அட்டாரி கணினி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, அதன் வீட்டுக் கணினிகளுக்காக ஓய்வு நேரத்தில் எழுதிய விளையாட்டு இது. 1941 ஜூன் 22-இல் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைவதில் ஆரம்பிக்கும். ஒரு சுற்று என்பது ஒரு வாரம். ஜெர்மன் படை நம் கையில், ரஷ்யப் படை கணினியின் கையில். அட்டாரியின் ஏ.பி.எக்ஸ். (அட்டாரி புரோகிராம் எக்ஸ்சேஞ்ச்) பிரிவு 1981-இல் வெளியிட்டது. 60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. திரையைத் தாண்டி விரியும் வரைபடம் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு நகரும் அழகை அன்றைய விமர்சகர்கள் கொண்டாடினார்கள். இன்றைக்கும் அது கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். விண்டோஸில் ஆல்டிரா எமுலேட்டரை, அதாவது பழைய அட்டாரி கணினியைப் போலவே இயங்கும் மென்பொருளை, இறக்கிக்கொள்ளுங்கள். என் முதல் சிபாரிசு அதுதான். தேவையான ரோம் (ROM) கோப்புகளுக்கு, அதாவது அட்டாரி கணினிக்குள்ளேயே பதிந்திருந்த நிரல்களுக்கு, மாற்று அதிலேயே இருப்பதால் தனியாகத் தேடி அலைய வேண்டாம். அட்டாரியின் பேசிக் நிரல்மொழி அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபைல் மெனுவில் 'பூட் இமேஜ்' மூலம் விளையாட்டின் டிஸ்க் கோப்பைத் திறங்கள்.

அடுத்து இன்புட் மெனுவில் முதல் போர்ட்டுக்கு அம்புக்குறி விசைகளை ஜாய்ஸ்டிக்காக அமையுங்கள். இடது கன்ட்ரோல்தான் பொத்தான். இதைச் செய்யாவிட்டால் திரையில் எதுவும் அசையாது.

நான் ஒரு மாலை முழுக்க மாட்டிக்கொண்ட இடம் இனிமேல்தான். படையணிக்கு ஆணை கொடுக்க, சதுரக் குறியை அதன்மேல் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள், அழுத்தியபடியே இருங்கள். படையணி மறைந்து அடியிலுள்ள நிலம் தெரியும். முன்பே கொடுத்த ஆணை இருந்தால் ஓர் அம்பு அந்த வழியே ஊர்ந்து போகும். கடைசியில் ஒரு மால்டா சிலுவை தோன்றும். அது வந்த பிறகுதான் புது ஆணை ஏறும். நான் அவசரப்பட்டுத் தள்ளிக்கொண்டே இருந்தேன். சிலுவைக்குக் காத்திரு என்று கீழே செய்தி வந்ததை நெடுநேரம் கவனிக்கவேயில்லை. ஒரு தள்ளு ஒரு கட்டம். கையை விட்டு மறுபடி தள்ளுங்கள். எட்டு ஆணை வரைதான், மூலைவாட்டில் போக முடியாது. தவறினால் ஸ்பேஸ் பாரைத் தட்டி அழித்துவிடலாம்.

எல்லாம் கொடுத்தாயிற்றா? எஃப்2 அழுத்துங்கள். அதுதான் அட்டாரியின் ஸ்டார்ட் விசை. இரு தரப்பும் ஒரே நேரத்தில் நகரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நாம் யோசிக்கும் நேரத்தில் கணினியும் சும்மா இருக்காது. ரஷ்யர்களின் திட்டத்தைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே இருக்கும். நாம் எவ்வளவு நேரம் எடுக்கிறோமோ அவ்வளவுக்கு அதன் திட்டமும் தேறும். 1981-இல், அவ்வளவு சின்ன நினைவகத்தில்! உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால், கிராஃபோர்ட் மூல நிரலைப் பின்னாளில் வெளியிட்டிருக்கிறார். படித்துப் பாருங்கள்.

புதியவர்களுக்கு ஒன்று: கோடையிலேயே எவ்வளவு முன்னேற முடியுமோ முன்னேறிவிடுங்கள். அப்புறம் மழை வந்தால் சேறு, குளிர் வந்தால் வழங்கல் குறையும். வழங்கல் மேற்கிலிருந்துதான் வரும் என்பதால், எந்தப் படையணிக்கும் மேற்கே போகும் வழி அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: லினக்ஸில் 'அட்டாரி800' எமுலேட்டரில் ஆடும் ஒருவர், எஃப்2 அழுத்தியும் சுற்று நகரவில்லை என்று கேட்டிருந்தார். அதில் ஸ்டார்ட் எஃப்4. எஃப்2 ஆப்ஷன் விசை.