‘ஹோட்டல் கலிபோர்னியா’ வழியாக ராக் பாடல் வரிகளைப் படிக்கப் பழகலாம்

பழைய ராக் பாடல்களின் உட்பொருளைத் தேடுபவர்கள் பெரும்பாலும் வதந்தியில் ஆரம்பித்து, அதற்கேற்ற வரியைப் பிறகு தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் பாட்டுக்குள்ளேயே தேடுங்கள், வெளியே பிறகு போகலாம். 1976 டிசம்பரில் வந்த, அமெரிக்க ராக் குழுவான ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ ஆல்பத்தின் தலைப்புப் பாடல் இந்தப் பயிற்சிக்கு மிகப் பொருத்தம். நீளம் ஆறரை நிமிடம். ஒரு ஹெட்போனும் நோட்டும் போதும்.

படி 1: வரிகளைச் சரிபாருங்கள்

ஆல்பத்தோடு அச்சான வரிகள் கிடைத்தால் அதையே நம்புங்கள். காது ஏமாற்றும். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாடலில் வானத்தை (‘தி ஸ்கை’) முத்தமிடுவதாகப் பாடியது, பலருக்கு ‘இந்த ஆளை’ (‘திஸ் கை’) முத்தமிடுவதாகக் கேட்டது. தப்பான வரிக்கு எவ்வளவு நல்ல விளக்கம் எழுதினாலும் பயனில்லை.

படி 2: பேசுவது யார்?

ஒவ்வொரு சரணத்துக்கும் உங்கள் சொந்தச் சொற்களில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். இரவில் பாலைவனச் சாலையில் வண்டி ஓட்டி வருபவன் களைத்துப்போய் ஒரு விடுதியில் தங்குகிறான். உள்ளே ஆடம்பரமும் ஆட்டமும். கடைசியில் வெளியே ஓடப் பார்க்கிறான், முடியவில்லை. இந்தக் கதைதான் அடித்தளம். கதை சொல்பவனும் பாடகரும் ஒருவரே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 3: திரும்ப வருவதில் என்ன மாறுகிறது?

அதிகம் கிடைக்கும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். பல்லவி முதல் முறை வரும்போது, அறைகள் நிறைய இருக்கின்றன, வாருங்கள் என்கிறது. இரண்டாம் முறை, உங்கள் சாக்குப்போக்குகளையும் கொண்டு வாருங்கள் என்று முடிகிறது. வரவேற்பு அதேதான், ஆனால் வருகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது இப்போது தெரிகிறது. மூன்றாவது சரணத்தில் இரவுக் காவலாள், கணக்கை எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம், ஆனால் வெளியேற முடியாது என்கிறான். அடுத்து பல்லவி வரவேண்டும், வருவதில்லை. குழுவின் டான் ஃபெல்டர், ஜோ வால்ஷ் இருவரின் கிட்டார்கள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு நிமிடத்தையும் நிரப்புகின்றன. பயணியிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு சொல்கூட இல்லை.

கிட்டார் தெரிந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். சரணத்தில் வரும் பி மைனரில் தொடங்கும் எட்டு கார்டுகள்தான் அந்த சோலோவுக்கும் அடியில் ஓடுகின்றன. எட்டாவதான எஃப் ஷார்ப், மறுபடி பி மைனருக்கே இழுக்கிறது. அந்தச் சுற்று முடியாமலேயே பாட்டு மெல்லத் தேய்ந்து மறைகிறது. வெளியேற முடியாது என்பதை இசையே சொல்லிவிடுகிறது.

படி 4: ஆண்டை விசாரியுங்கள்

பயணி ஒயின் கேட்கிறான்; அந்த ‘ஸ்பிரிட்’ 1969க்குப் பிறகு இங்கே இல்லை என்று பதில் வருகிறது. ‘ஸ்பிரிட்’ என்றால் காய்ச்சி வடித்த மது, ஒயின் அந்த வகையே அல்ல என்று வாதாடுபவர்கள் வரியைத் தவறவிடுகிறார்கள். சிலேடை அது, மதுவையும் சேர்த்து ஒரு காலத்தின் உணர்வைச் சொல்கிறது. 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசை விழா, டிசம்பரில் ஒருவர் குத்திக் கொல்லப்பட்ட அல்டமான்ட் கச்சேரி. நம்பிக்கை உச்சம் தொட்டதும் உடைந்ததும் ஒரே ஆண்டில்; அந்த ஆண்டு ஏன் என்பது இப்போது புரியும்.

படி 5: கலைஞர் சொன்னதைக் கடைசியில் படியுங்கள்

முதலிலேயே படித்தால் உங்கள் காது அடைபட்டுவிடும். பாடலைப் பாடியவரும் எழுதியவர்களில் ஒருவருமான டான் ஹென்லி இதை வெகுளித்தனத்திலிருந்து அனுபவத்துக்குப் போகும் பயணம் என்று விளக்கியிருக்கிறார். அவர் டெக்சாஸ்காரர், கூட எழுதிய கிளென் ஃப்ரை டெட்ராய்ட்காரர்; பாட்டில் வரும் பயணியைப் போலவே லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள்.

படி 6: எல்லா வரிக்கும் பொருந்துகிறதா?

சாத்தான் வழிபாடு என்ற வதந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மிருகம்’ என்ற ஒரு சொல்லுக்கு ஒத்துவரும். மெர்சிடீஸும் இளஞ்சிவப்பு ஷாம்பெயினும் எதற்கு? பதில் இல்லை, தள்ளுங்கள். புகழும் பணமும் ஆளைச் சிறைப்பிடிக்கின்றன என்ற வாசிப்போ, தாங்களே செய்துகொண்ட சிறையில் இருக்கிறோம் என்ற வரி வரை தாங்குகிறது.

தலைப்பின் முதலெழுத்துகளைக் கூட்டிப் பொருள் சொல்வதும் அடிக்கடி நடக்கும் பிழை. பீட்டில்ஸின் ‘லூசி இன் தி ஸ்கை வித் டைமண்ட்ஸ்’ (1967) எல்.எஸ்.டி. என்ற போதைமருந்தின் பெயர் என்றார்கள். மகன் ஜூலியன் வரைந்த படத்திலிருந்து வந்தது என்று ஜான் லெனன் கடைசிவரை சொன்னார்.

அடுத்த பயிற்சிக்கு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ (1984). பல்லவியை ஒரு தாளால் மறைத்துவிட்டு, வியட்நாமிலிருந்து திரும்பி வேலை கிடைக்காதவனின் சரணங்களை மட்டும் படியுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு முழுதாகக் கேளுங்கள்.