பந்து ஏன் மட்டையைத் துளைத்துக்கொண்டு போகிறது? பிரவுசர் கேம் எழுதப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரவுசரில் ஓடும் சின்ன கேம் எழுதக் கற்றுக்கொள்ளச் செலவு எதுவும் இல்லை. பழைய லேப்டாப், ஒரு டெக்ஸ்ட் எடிட்டர், ஒரு பிரவுசர் போதும். ஆனாலும் ஆசையோடு தொடங்குகிற பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் இலக்கணம் ஓரளவு பிடிபட்ட பிறகும் கேம் சொன்னபடி கேட்காமல் போவதுதான் அவர்களைச் சோர்வடைய வைக்கிறது. அந்தச் சிக்கல்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வேர் விட்டிருக்கும்: கேமுக்குள் நேரம் எப்படி ஓடுகிறது என்பதை யோசிக்காமல் எழுதியது.

அதற்கு முன், எதை எழுதுவது என்ற கேள்வி. முதல் கேமாகவே பத்து லெவல், ஆயுதங்கள், ஆன்லைன் மல்டிபிளேயர் என்று திட்டம் போடாதீர்கள். 1972-ல் அட்டாரி என்ற வீடியோ கேம் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்ன் என்ற பொறியாளருக்கு அதன் நிறுவனர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல் பயிற்சிக்காகக் கொடுத்த வேலைதான் ‘பாங்’. இரண்டு மட்டை, ஒரு பந்து, ஸ்கோர், அவ்வளவுதான். தேர்ந்த பொறியாளருக்கே அது போதுமான பயிற்சியாக இருந்தது, நமக்கும் போதும். 2014-ல் கேப்ரியேல் சிருல்லி ஒரு வார இறுதியில் எழுதிய ‘2048’ என்ற கேமின் பலகையும் நான்குக்கு நான்கு கட்டம்தான். நம் ஊர் ஆடு புலி ஆட்டத்தையும் எழுதலாம், ஆனால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பந்தும் மட்டையும்.

கேமுக்குத் தேவையான நிரலை முன்கூட்டியே எழுதித் தரும் ஃபேசர் போன்ற லைப்ரரிகள் அருமையானவை. ஆனால் முதல் இரண்டு கேம்களை வெறும் கேன்வாஸில் (பிரவுசர் பக்கத்தில் படம் வரைவதற்கான பரப்பு) எழுதுவதே நல்லது என்பேன். மோதலைக் கண்டுபிடிப்பது, நகர்த்துவது, அழித்து மறுபடி வரைவது எல்லாவற்றையும் லைப்ரரி செய்து கொடுத்துவிட்டால், ஒன்று உடையும்போது எங்கே தேடுவதென்றே தெரியாது. ஒரு சாட்பாட்டிடம் முழு கேமையும் எழுதி வாங்கினாலும் இதே கதிதான். புரியாத ஒரு வரியை விளக்கச் சொல்லிக் கேளுங்கள், அது நல்ல பழக்கம்.

நேரம்

கேம் என்பது ஓயாமல் சுற்றும் ஒரு லூப். ஒவ்வொரு சுற்றிலும் பொருள்களின் இடத்தை மாற்றுகிறோம், திரையைத் துடைத்து மறுபடி வரைகிறோம். பலர் இதை, குறித்த இடைவெளிக்கு ஒருமுறை ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் செட்இன்டர்வல் வைத்து ஓட்டப் பார்ப்பார்கள். அது திரையின் புதுப்பிப்போடு ஒத்துப்போகாது, அசைவு வெட்டி வெட்டி வரும். இதற்கென்றே ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம் இருக்கிறது. திரை அடுத்த படத்தைக் காட்டத் தயாராகும்போது பிரவுசரே நம் ஃபங்ஷனைக் கூப்பிடும்.

இங்கேதான் முதல் பெரிய தவறு நடக்கிறது. ‘ஒவ்வொரு ஃப்ரேமிலும் (திரையில் வரும் ஒவ்வொரு படத்திலும்) பந்து 5 பிக்சல் நகரட்டும்’ என்று எழுதுவார்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது விநாடிக்கு 60 படம் காட்டும் திரையில், அது விநாடிக்கு 300 பிக்சல். அதே கேமை 120 ஹெர்ட்ஸ் போனில் திறந்தால் 600, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 720. எழுதியவருக்கு நிதானமாக ஓடும் கேம், நண்பருடைய போனில் ஆடவே முடியாத வேகத்தில் பறக்கும். வேகத்தை ஃப்ரேம் கணக்கில் வைக்காமல் விநாடிக் கணக்கில் வையுங்கள். ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம் ஒவ்வொரு முறையும் நம் ஃபங்ஷனிடம் நேரத்தை மில்லிவிநாடியில் தருகிறது. அதிலிருந்து முந்தைய ஃப்ரேமின் நேரத்தைக் கழித்து, 1000-ஆல் வகுத்து, வேகத்தோடு பெருக்கினால் நகர வேண்டிய தூரம் கிடைத்துவிடும்.

சரி, அதோடு முடிந்ததா? இல்லை. ஆடுபவர் வேறு டேபுக்குப் போனால் பிரவுசர் இந்த லூப்பை நிறுத்தி வைக்கும். இருபது விநாடி கழித்துத் திரும்பி வந்தால், கழித்தல் கணக்கில் அந்த இருபது விநாடியும் ஒரே ஃப்ரேமாக வந்து சேரும். விநாடிக்கு 300 பிக்சல் போகும் பந்து ஒரே தாவலில் 6000 பிக்சல் தாண்டி எங்கேயோ போய்விடும். அதனால் அந்த இடைவெளிக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள், 0.05 விநாடி என்று வைத்தால் போதும்.

இன்னொன்று, ரீஸ்டார்ட் பட்டன். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பட்டன் லூப்பை மறுபடி கூப்பிடும்படி எழுதிவிடுவார்கள். பழைய லூப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இப்போது இரண்டு லூப். ஃப்ரேமுக்கு இத்தனை பிக்சல் என்று எழுதிய கேமாக இருந்தால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் வேகம் கூடிக்கொண்டே போகும், காரணம் புரியாமல் ஒரு நாளே வீணாகும். லூப்பை ஒரே ஒரு தடவை தொடங்குங்கள். ‘தொடக்கம்’, ‘ஆட்டம்’, ‘முடிவு’ என்று நிலையைச் சொல்ல ஒரு மாறியை வைத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்ய வேண்டியது ஸ்கோரையும் இடங்களையும் பழையபடி வைத்து, நிலையை மாற்றுவது மட்டும்தான்.

மோதல்

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். பந்து விநாடிக்கு 1200 பிக்சல் வேகத்தில் போகிறது, திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃப்ரேமில் அது 20 பிக்சல் நகரும். மட்டையின் தடிமன் 10, பந்தின் அளவு 8 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃப்ரேமில் பந்து மட்டைக்கு இந்தப் பக்கம் இருக்கும், அடுத்த ஃப்ரேமில் அந்தப் பக்கம். நடுவில் இரண்டும் தொட்ட கணத்தை நிரல் பார்க்கவே இல்லை. அதுவும் எப்போதாவது ஒருமுறைதான் நடக்கும் என்பதால் கண்டுபிடிப்பது கஷ்டம். எளிய தீர்வு, அந்த நகர்வை நான்கைந்து சின்ன அடிகளாகப் பிரித்து ஒவ்வோர் அடியிலும் மோதலைச் சோதிப்பது.

இதற்கு நேர்மாறாக, பந்து மட்டைக்குள் சிக்கிக்கொண்டு நடுங்குவதும் உண்டு. மோதியதும் வேகத்தின் குறியை (பிளஸ், மைனஸ்) திருப்புகிறோம். அடுத்த ஃப்ரேமிலும் பந்து மட்டையை விட்டு முழுதாக வெளியே வரவில்லை என்றால் குறி மறுபடி திரும்பும், அப்புறம் மறுபடியும். கீழே இருக்கும் மட்டையில் பட்டால் பந்து மேல்நோக்கித்தான் போக வேண்டும் என்று திசையை உறுதியாக எழுதுங்கள். கேன்வாஸில் ஒய் அச்சு மேலிருந்து கீழாக வளர்வதால் மேல்நோக்கிய வேகம் மைனஸ். கூடவே பந்தை மட்டையின் விளிம்புக்கு வெளியே தூக்கி வைத்துவிடுங்கள்.

பந்து சரியாகத் திரும்புகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். பாங்கில் அல்கார்ன் மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் படுகிறதோ அதற்கேற்ற கோணத்தில் பந்து திரும்பும்படி செய்தார். பந்தை விடாமல் ஆட ஆட வேகமும் கூடியது. ஆடுபவரின் கை அந்தப் பந்தின் போக்கை மாற்றுகிறது, அதனால்தான் அது ஆட்டமாகிறது. பலர் இந்த இடத்துக்கு வருவதற்குள் படம் வரைவதிலும் மெனு அழகுபடுத்துவதிலும் இறங்கிவிடுகிறார்கள். வெறும் செவ்வகங்களாக இருக்கும்போதே ஆடத் தூண்டாத கேமை எந்தப் படமும் காப்பாற்றாது.

விசைகள், இன்னும் சில

மட்டையைக் கீடவுன் (விசையை அழுத்தும்போது வரும்) நிகழ்விலேயே நகர்த்தாதீர்கள். விசையை அழுத்திப் பிடித்தால் முதலில் ஒரு நகர்வு, சின்ன இடைவெளி, பிறகு தொடர்ச்சி என்று வரும். இருவர் ஒரே கீபோர்டில் ஆடினால் ஒருவர் அழுத்தியதும் மற்றவருடைய மட்டை நின்றுவிடும். கீடவுனில் ‘அழுத்தியிருக்கிறது’ என்று குறித்துவைத்து, கீஅப்பில் அதை அழித்து, நகர்த்தும் வேலையை லூப்பிடம் விடுங்கள். அம்புக்குறி விசைகள் பக்கத்தையே ஸ்க்ரோல் செய்யும், அதையும் தடுக்க வேண்டும். குறுக்காக நகரும் கேம் என்றால், இரண்டு விசையும் சேரும்போது வேகம் 1.41 மடங்காகிவிடுவதைச் சரிசெய்யுங்கள்.

ஹை ஸ்கோரை, பிரவுசர் தகவலைச் சேமித்துவைக்கும் லோக்கல்ஸ்டோரேஜில் வைத்தால் அது எழுத்தாகத்தான் சேமிக்கப்படும். படித்தெடுத்த இரண்டு மதிப்புகளை அப்படியே ஒப்பிட்டால் ‘9’ என்பது ‘10’-ஐ விடப் பெரியது என்று பதில் வரும். எண்ணாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். ஒலி வரவில்லை என்றால் நிரலைக் குறை சொல்லாதீர்கள். ஆடுபவர் ஒருமுறையாவது கிளிக் செய்யும்வரை பிரவுசர்கள் பொதுவாக ஒலியை அனுமதிப்பதில்லை, அதனால் ஒரு தொடக்கப் பட்டன் அவசியம். படம் தெளிவில்லாமல் நீண்டு தெரிந்தால் கேன்வாஸின் அளவை, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் மட்டும் கொடுத்திருப்பீர்கள். உள்ளே அது இன்னும் தன் இயல்பான 300க்கு 150 பிக்சலிலேயே இருக்கும்.

எது நடந்தாலும் முதலில் எஃப்12 அழுத்தி, பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலைப் பாருங்கள். சிவப்பில் இருக்கும் அந்த வரி கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சேர்த்தே சொல்கிறது. அதைப் படிக்காமலேயே நிரலை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் தொடக்கத்தில் அதிக நேரத்தைத் தின்கிறது.

கேம் ஓடத் தொடங்கியதும் இட்ச்.ஐஓ, கிட்ஹப் பேஜஸ் போன்ற இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள், இரண்டுக்கும் காசு வேண்டாம். ஏற்றியதும் படங்கள் மட்டும் காணாமல் போனால் கோப்புப் பெயர்களைப் பாருங்கள். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் பொதுவாக ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், லினக்ஸில் ஓடும் சர்வர் அப்படி எடுத்துக்கொள்ளாது. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்துக்கு மாற்றி, மறுபடி ஏற்றி, இந்தத் தடவை ஒரு போனில் திறந்து பாருங்கள். அதில் கீபோர்டு இல்லை என்பதால் மட்டையை விரலால் நகர்த்த வழி செய்வதுதான் அடுத்த வேலை.