ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன்

கீபோர்டில் தண்ணீரைக் கொட்டிப் பாதி எழுத்துகளைச் சாகடித்த பிறகு, அதே மாடலில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்றை வாங்கினேன். விண்டோஸும் ஃபைல்களும் இருந்த டிரைவை, அதாவது என் எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. விண்டோஸுக்குள் நுழையத்தான் அரைநாள் போயிற்று. இரண்டு வருஷமாக நாலு இலக்க பின் நம்பரையே தட்டிப் பழகியவனுக்கு பாஸ்வேர்டு எப்படி ஞாபகம் இருக்கும்? அந்த பின், பழைய மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்போடு சேர்ந்தது. டிரைவோடு வராது. கடைசியில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டைப் போன் வழியாக மாற்றி, வைஃபையில் இணைத்து உள்ளே போனேன்.

அதனால் பழைய மெஷினிலேயே ஒருமுறை பாஸ்வேர்டு போட்டு நுழைந்து பாருங்கள். கீபோர்டு போயிருந்தால் யூஎஸ்பி கீபோர்டு போதும். டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஆன் ஆகியிருந்தால் அணைத்து, அது முழுதாக முடியும்வரை காத்திருங்கள். அணைப்பதற்கு முன்பே, அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீயையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே டிரைவில் சேமித்து வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே போடுகிற கதை. முக்கியமான ஃபைல்களுக்கு பேக்கப் வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் பயாஸ், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே திறக்கிற செட்டிங் திரை. பழையதில் பூட் முறை யூஇஎஃப்ஐயா லெகசியா, ஸ்டோரேஜ் முறை ஏஹெச்சிஐயா ரெய்டா என்று பார்த்துப் போனில் படம் பிடியுங்கள். புதியதிலும் அப்படியே வையுங்கள். ஒரே மாடல்தானே என்று நம்ப வேண்டாம், முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருக்கலாம். ஸ்டோரேஜ் முறை பொருந்தாவிட்டால் நீலத்திரையில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வரும். டிரைவ் போய்விட்டதோ என்று பதற வேண்டாம், செட்டிங்கை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் சும்மா அணைப்பது பாதித் தூக்கம்தான். சார்ஜரை உருவி, மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். எம்.2 எனப்படும் மெல்லிய பட்டை வடிவ டிரைவின் ஸ்க்ரூவை எடுத்தால் அது தானாகச் சாய்வாக எழும். அந்தச் சாய்விலேயே உருவுங்கள், மாட்டும்போதும் அதே சாய்வு. அளவையும் பாருங்கள்: 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். என்விஎம்இ, சாட்டா என்ற இரண்டு இணைப்பு வகைகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஸ்லாட் எதை ஏற்கும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் பூட்டில் டிரைவர்கள் அமையச் சில நிமிடம் பிடிக்கும், நடுவில் அணைக்காதீர்கள். புது மெஷினோடு வந்த லைசன்ஸும் டிரைவில் இருக்கும் விண்டோஸும் ஒரே எடிஷன் என்றால், நெட் கிடைத்ததும் பொதுவாகத் தானே ஆக்டிவேட் ஆகும். ஹோமுக்கும் புரோவுக்கும் ஒத்துவராது. லினக்ஸ்காரர்களுக்குத் தொல்லை குறைவு. பூட் ஆகாவிட்டால், எதிலிருந்து தொடங்குவது என்று சொல்லும் பூட் என்ட்ரி பழைய மதர்போர்டிலேயே தங்கியிருக்கும், புதிதாகச் சேர்த்தால் சரி.

எல்லாம் ஓடினதும் என்கிரிப்ஷனைத் திரும்ப ஆன் செய்யுங்கள். ரெகவரி கீ புதிதாக வரும். அதை எழுதிக்கொண்டு பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள்.