ஊரடங்கும் எரிபொருள் பங்கீடும் உள்ள காலத்தில் களஆய்வு: 2022 இலங்கையிலிருந்து ஒரு வழிகாட்டி

எந்த நாளில் வேலை நின்றுபோனாலும் அதுவரை திரட்டிய தரவு பயன்படக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே நெருக்கடிக் காலக் களஆய்வுத் திட்டத்தின் முதல் விதி. பொருளாதார நெருக்கடியால் எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் தட்டுப்பாடு நிலவிய இலங்கையில், 2022 ஏப்ரல் 1 அன்று அவசரகால நிலை பிரகடனமாகி, மறுநாளே நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. மே 9 அன்று மீண்டும் ஊரடங்கு. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற அறிவிப்பு. இவற்றில் எதற்கும் போதிய முன்னறிவிப்பு இருக்கவில்லை. ஆகவே ஐந்து கிராமங்களைத் தெரிவு செய்திருந்தால், ஐந்திலும் வினாக்கொத்தை நிரப்பிவிட்டுப் பின்னர் நேர்காணலுக்குத் திரும்பலாம் என்று எண்ணாமல், ஒரு கிராமத்தின் வேலையை முற்றாக முடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

பயணத்தை நாட்கணக்கில் அல்லாமல் லீற்றர் கணக்கில் திட்டமிடுக. தேசிய எரிபொருள் அட்டை நடைமுறைக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றரும் கிடைத்தன. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஒருமுறை போய்வந்தால், ஏறத்தாழ 130 கிலோமீற்றரோடு அவ்வாரப் பங்கின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். களத்திலேயே தங்குவது, சைக்கிளைப் பயன்படுத்துவது, அல்லது அவ்வூரிலேயே வசிக்கும் ஆய்வு உதவியாளரைப் பயிற்றுவித்து உரிய ஊதியம் கொடுப்பது ஆகியவற்றில் ஒன்றைத் தொடக்கத்திலேயே தெரிவு செய்துகொள்ளுங்கள். தகவல் தருவோரை நகருக்கு வரச் சொல்வது மட்டும் கூடாது. அவர்கள் செலவிடும் பெற்றோல் தொழிலுக்கோ மருத்துவமனைக்கோ என்று வைத்திருந்ததாக இருக்கலாம்.

எரிபொருள் வரிசையிலேயே நேர்காணல் செய்துவிடலாம் என்ற யோசனை பலருக்கும் வரும். மணிக்கணக்காகக் காத்திருப்பவர்கள் பேசவும் ஆயத்தமாக இருப்பார்கள். ஆனால் பெற்றோல் வரிசையில் நிற்பவர் வாகனம் உள்ளவர்; பெரும்பாலும் ஆண். மண்ணெண்ணெய்க்காகக் காத்திருக்கும் மீனவரும், வேலைநாள் குறைந்த தோட்டத் தொழிலாளியும், வாகனமே இல்லாத குடும்பத் தலைவியும் அந்தத் தரவில் இருக்கமாட்டார்கள். மேலும் முன்னும் பின்னும் நிற்பவர் காதில் விழும்படி அரசைப் பற்றி ஒருவரிடம் கேட்பது நேர்காணல் ஆகாது. வரிசையை அவதானிக்கலாம், குறிப்பெடுக்கலாம். பேச விரும்புவோரிடம் தொடர்பிலக்கம் பெற்றுப் பின்னர் தனியே பேசலாம்.

தொலைபேசி நேர்காணலுக்கு மின்வெட்டு அட்டவணையே வழிகாட்டி. ஒருகட்டத்தில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. பிரதேசங்கள் ஆங்கில எழுத்துகளால் பிரிக்கப்பட்டு நேரங்கள் அறிவிக்கப்பட்டன. தகவல் தருபவரின் ஊர் எந்தப் பிரிவில் உள்ளது என்று கேட்டு வைத்துக்கொண்டு, மின்சாரம் வந்து தொலைபேசி மின்னேற்றம் பெற்ற பின்னர் அழையுங்கள். ஏப்ரல் 3 அன்று நடந்ததுபோல் சமூக ஊடகங்கள் முடக்கப்படலாம் என்பதால் வாட்ஸ்அப்பை மட்டும் நம்பியிருக்கலாகாது.

கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தைப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுக்கள் வழக்கமாகக் கேட்கும். எனினும் போர்க்காலத்திலிருந்து பதிவுகளுக்கும் விசாரணைகளுக்கும் பழகிப்போன வடக்கு, கிழக்கு மக்களிடம் கையொப்பம் கேட்பதே அச்சமூட்டும். வாய்மொழி ஒப்புதலுக்கு முன்கூட்டியே அனுமதி பெறுவது நல்லது. குறிப்பேட்டில் பெயர் எழுதாமல் குறியீட்டெண் மட்டும் இடுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் களத்துக்கு வரவே கூடாது. ஒலிப்பதிவை அன்றிரவே மறைகுறியாக்கிய (கடவுச்சொல் இன்றித் திறக்க முடியாத) கோப்பாகச் சேமித்து, கைத்தொலைபேசியிலிருந்து நீக்கிவிடுங்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் மாணவ செயற்பாட்டாளர் மூவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டதை நினைத்தால் இது மிகையான எச்சரிக்கை எனத் தோன்றாது.

கடைசியாக, ஒவ்வொரு நேர்காணலின் தலைப்பிலும் திகதியோடு அன்றைய நிலைமையையும் ஓரிரு வரியில் எழுதுங்கள்: ஊரடங்கா, சமையல் எரிவாயு வந்ததா, மின்சாரம் எத்தனை மணிநேரம் இல்லை. ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகை போராட்டக்காரர்கள் வசமாகி, 14 அன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலகினார். அதற்கு முன்னர் ஒருவர் சொன்னதையும் பின்னர் இன்னொருவர் சொன்னதையும் ஒரே அட்டவணையில் கூட்டுவது தவறு. இரண்டையும் தனித்தனியே பகுத்தாய்ந்து, எவரைச் சந்திக்க இயலவில்லை என்பதையும் ஆய்வுமுறை இயலில் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.