கனடாக் காசு: புதிதாக வந்தவர்கள் முதலில் அறிய வேண்டியவை

கடைத் தட்டில் 9.99 டொலர் என்று போட்டிருக்கும் சவர்க்காரப் பொதிக்கு ஒன்ராறியோவில் காசாளர் கேட்பது 11.29. ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தட்டில் உள்ள விலையில் வரி சேராது. 13 வீத விற்பனை வரியைக் கல்லாவில்தான் கூட்டுவார்கள். அரிசி, பால், முட்டை, மரக்கறி போன்ற அடிப்படை உணவுக்கு அந்த வரி இல்லை. மாகாணத்துக்கு மாகாணம் வீதமும் மாறும். அல்பேர்ட்டாவில் 5 வீதம்தான்.

அதே பொதிக்குக் காசாகக் கொடுத்தால் 11.30 கேட்பார்கள். ஒரு சத நாணயம் இப்போது புழக்கத்தில் இல்லை. ஒன்றை அடிக்க 1.6 சதம் செலவானதால், 2012 மே மாதம் வின்னிபெக்கில் கடைசியாக அடித்து, 2013 பெப்ரவரியில் விநியோகத்தையும் நிறுத்தினார்கள். அதனால் காசாகக் கட்டும்போது மொத்தத் தொகையைக் கிட்டிய 5 சதத்துக்குக் கூட்டியோ குறைத்தோ எடுப்பார்கள். 6.77 வந்தால் 6.75 கொடுத்தால் போதும். அட்டையில் கட்டினால் சரியாக 6.77தான்.

நாணயங்களில் புதியவர்கள் தடுமாறுவது 10 சதத்தில். அது 5 சதத்தைவிடச் சிறியது. காரணம் பழையது. ஒரு காலத்தில் இரண்டுமே வெள்ளி. பெறுமதிக்கு ஏற்ற அளவில் 5 சதம் மிகவும் குட்டியாக இருந்தது. 1922இல் 5 சதத்தை மட்டும் நிக்கல் உலோகத்துக்கு மாற்றிப் பெரிதாக்கினார்கள். 10 சதம் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. கையில் எடுத்ததும் படத்தைப் பாருங்கள்: நீர்நாய் போன்ற பீவர் இருந்தால் 5, பாய்மரக் கப்பல் இருந்தால் 10, கொம்புள்ள கரிபூ மான் இருந்தால் 25.

ஒரு டொலரை எல்லோரும் 'லூனி' என்பார்கள், அதில் உள்ள லூன் பறவையால். 1987இல் தாளுக்குப் பதிலாக வந்த இந்த நாணயத்துக்கு முதலில் தீர்மானித்த படம் தோணியில் செல்லும் வணிகர்கள். ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக்குக்கு அனுப்பிய அச்சுகள் வழியில் காணாமற்போனதால், கள்ள நாணயத்துக்குப் பயந்து பறவையைப் போட்டார்கள். 1996இல் வந்த இரண்டு டொலர் நாணயம் 'டூனி'. பழைய ஒரு டொலர், இரண்டு டொலர் தாள்களை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். 2021 முதல் அவை சட்டப்படி செல்லும் பணம் அல்ல. ஆனால் நாட்டின் மத்திய வங்கியான கனடா வங்கி அவற்றை இன்னும் மாற்றிக் கொடுக்கும்.

தாள்கள் 2011 முதல் பொலிமர் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். 5 நீலம், 10 ஊதா, 20 பச்சை, 50 சிவப்பு, 100 மண்ணிறம். சில சிறிய கடைகள் 50ஐயும் 100ஐயும் வாங்காது. வங்கியில் 20களாகக் கேட்டு எடுங்கள். 2018இல் வந்த, படம் செங்குத்தாக அமைந்த 10 டொலர் தாளை ஒருமுறை நின்று பாருங்கள். அதில் இருப்பவர் வயோலா டெஸ்மண்ட். 1946இல் நோவா ஸ்கோஷியாவின் நியூ கிளாஸ்கோ நகரில், திரையரங்கில் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய இடத்திலிருந்து எழ மறுத்த கறுப்பினப் பெண். அவருக்குக் கிடைத்தது சிறையும் தண்டமும். புதிதாக வரும் நம்மவர்கள் இந்த முகத்தை அறிந்திருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

முதல் சில வாரங்கள் காசாகவே செலவழியுங்கள். எவ்வளவு போகிறது என்பது அப்போதுதான் உறைக்கும். ஒவ்வொன்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், குளிர்ச் சப்பாத்துகூட வாங்க மனம் வராது. வங்கிக் கணக்கைத் தள்ளிப்போடவும் வேண்டாம். வேலை இல்லாவிட்டாலும், உடனே போடப் பணம் இல்லாவிட்டாலும், உரிய அடையாள ஆவணம் இருந்தால் கணக்குத் திறப்பது உங்கள் உரிமை.

இன்னும் விமானம் ஏறாத உறவினர்களுக்கும் ஒன்று சொல்லிவையுங்கள்: 10,000 கனேடிய டொலரோ அதற்கு மேலோ கொண்டுவந்தால் எல்லையில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் வரி எதுவும் இல்லை. மறைத்தால் பணத்தைப் பறிமுதல் செய்யலாம்.